பாட்டியின் இன்சுலின் சிரிஞ்சில் பேரனுக்கு வளர்ச்சி ஹார்மோன்: 1.8 யூனிட் என்பது எந்தக் கோடு?

குழந்தைவார்டு_ஸ்டாஃப்:

வணக்கம். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள பையன், எடை 20 கிலோ. டிஸ்சார்ஜ் சீட்டில் "சோமட்ரோபின் 1.8 ஐ.யூ., தோலுக்கடியில், தினமும் இரவு" என்று இருக்கிறது (சோமட்ரோபின் என்பது அந்த ஹார்மோன் மருந்து, ஐ.யூ. என்பது அதை அளக்கும் சர்வதேச அலகு). வாங்கியிருப்பது ஊசிப் பேனா இல்லை, பவுடர் வயல் (ரப்பர் மூடி போட்ட சிறு மருந்துக் குப்பி): 12 ஐ.யூ. (4 மி.கி.), கூடவே 2 மி.லி. கரைப்பான். வீட்டில் ஊசி போடப் போவது அம்மா. நாளை அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பாட்டிக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டில் சிவப்பு மூடி சிரிஞ்ச் டப்பா டப்பாவாக இருக்கிறதாம். அதிலேயே போடலாமா என்று கேட்கிறார். மருந்துக்கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் கொடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் "யூனிட்" என்றுதான் அச்சடித்திருக்கிறது. 1.8 யூனிட்டுக்கு எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பது?

இன்னொன்று. 12ஐ 1.8ஆல் வகுத்தால் 6.67 வருகிறது. ஒரு வயல் ஆறு நாளுக்கு என்று சொல்வதா, ஏழு நாளுக்கா? கரைக்கும்போது என்னென்ன தப்பு நடக்கும் என்பதையும் சொன்னால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மருந்தாளுநர்:

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் இருக்கும் "யூனிட்" இன்சுலினுடைய யூனிட். அதற்கும் வளர்ச்சி ஹார்மோனின் ஐ.யூ.வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்சுலின் அல்லாத எந்த மருந்துக்கும் அந்தக் கோடுகள் வெறும் கன அளவுதான். அதனால் யூனிட்டிலிருந்து நேராகக் கோட்டுக்குத் தாவக் கூடாது. நடுவில் மி.லி. என்ற படியை மிதித்துத்தான் போக வேண்டும்.

உங்கள் கணக்கு:

செறிவு: 12 ஐ.யூ. ÷ 2 மி.லி. = மி.லி.க்கு 6 ஐ.யூ.
கன அளவு: 1.8 ÷ 6 = 0.30 மி.லி.

இனிமேல்தான் சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி என்றால் யூ-100: 1 மி.லி.யை 100 பங்காகப் பிரித்தது, ஒரு யூனிட் 0.01 மி.லி. ஆகவே 30ஆம் கோடு. சிவப்பு மூடி என்றால் யூ-40: 1 மி.லி.யை 40 பங்காகப் பிரித்தது, ஒரு யூனிட் 0.025 மி.லி. ஆகவே 12ஆம் கோடு. இரண்டும் ஒரே 0.30 மி.லி.தான்.

மி.கி. வழியாகவும் ஒருமுறை போட்டுச் சரிபாருங்கள். சோமட்ரோபினுக்கு 1 மி.கி. = 3 ஐ.யூ. அப்படியானால் 1.8 ஐ.யூ. = 0.6 மி.கி. வயலில் 4 மி.கி./2 மி.லி. = மி.லி.க்கு 2 மி.கி. 0.6 ÷ 2 = 0.30 மி.லி. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் ஊசியைத் தொட வேண்டும். எடைக்கு வகுத்தால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.03 மி.கி. இந்தக் குறைபாட்டுக்கு வழக்கமாக எழுதும் 0.025 முதல் 0.035 வரைக்குள்தான் இருக்கிறது, சீட்டிலும் குழப்பமில்லை. ஒன்று கவனம்: இந்த மூன்று என்ற பெருக்கல் சோமட்ரோபினுக்கு மட்டுமே. வேறு ஹார்மோனுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டில் எப்படியெல்லாம் கோணல் ஆகும் என்று பாருங்கள்:

அம்மா சீட்டைப் பார்த்து ஆரஞ்சு சிரிஞ்சில் "1.8" வரை இழுத்தால் 0.018 மி.லி. பையனுக்குப் போவது 0.11 ஐ.யூ., அதாவது எழுதியதில் சுமார் பதினேழில் ஒரு பங்குதான். பல மாதம் ஊசி போட்டும் உயரம் ஏறாது, மருந்து சரியில்லை என்று பழி வரும்.

"30ஆம் கோடு" என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு தீர்ந்துபோன இரவில் பாட்டியின் சிவப்பு சிரிஞ்சை எடுத்தால் 0.75 மி.லி., 4.5 ஐ.யூ., இரண்டரை மடங்கு.

"12ஆம் கோடு" என்று சிவப்புக்குச் சொல்லிக்கொடுத்ததை ஆரஞ்சில் போட்டால் 0.12 மி.லி., ஐந்தில் இரண்டு பங்குதான் போகும்.

1.8ஐ மி.கி. என்று யாராவது படித்துவிட்டால் 0.9 மி.லி., மூன்று மடங்கு.

இதெல்லாம் நம் ஊரில் மட்டும் நடக்கிற தப்பு இல்லை. அமெரிக்காவில் வயலில் வந்த செமாக்ளுடைடை (சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் போடும் ஊசி மருந்து) வீட்டிலேயே அளந்து போட்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை அதிகம் போட்டுக்கொண்டார்கள் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டது. மி.கி., மி.லி., யூனிட் மூன்றையும் போட்டுக் குழப்பியதுதான் அங்கேயும் காரணம்.

சிவப்பா ஆரஞ்சா என்பதற்கு என் பதில்: ஆரஞ்சு. சிவப்பில் 12ஆம் கோடு கணக்குப்படி சரிதான், ஆனால் பாட்டிக்கு 40 ஐ.யூ./மி.லி. இன்சுலின் வயல் ஓடுகிற வீட்டில் ஒரே மாதிரி சிரிஞ்ச் இரண்டு பேருக்கும் வேண்டவே வேண்டாம். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. பையனுடைய ஆரஞ்சு சிரிஞ்சில் பாட்டிக்கு யூ-40 இன்சுலின் போட்டால் அவருக்குப் போவது ஐந்தில் இரண்டு பங்குதான், சர்க்கரை எகிறும். டப்பாவையே தனித்தனி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

மேலே சொன்னதோடு சேர்த்து, ஆரஞ்சிலேயே எந்த ஆரஞ்சு என்று பாருங்க. யூ-100 சிரிஞ்ச் 0.3, 0.5, 1 மி.லி. என்று மூணு அளவுல வரும். 1 மி.லி. சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு 2 யூனிட். 30 அதுல கோட்டுமேலேயே விழும், பிரச்சினை இல்ல. ஆனா டோஸ் மாறி 33 ஆச்சுன்னா 32க்கும் 34க்கும் நடுவுல கண்ணளவு பார்க்கணும். 0.5 மி.லி. சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு 1 யூனிட். இந்தப் பையனுக்கு அதுதான் சரி. 0.3 மி.லி. 30லேயே முடிஞ்சிடும், எடை கொஞ்சம் ஏறினாலும் பத்தாது.

கோட்டை எங்க படிக்கணும்னு காட்டிக்கொடுங்க. பிஸ்டனோட கறுப்பு ரப்பர்ல ரெண்டு வளையம் இருக்கும். ஊசிப் பக்கம் இருக்கிற வளையம் குழாய்ச் சுவரைத் தொடுற விளிம்புதான் கணக்கு. சில சிரிஞ்சில் ரப்பர் நுனி கூம்பா இருக்கும், அந்தக் கூம்பு முனையை வச்சுப் படிச்சா கோடு தப்பிடும். கீழ் வளையத்தை வச்சுப் படிச்சா இன்னும் மோசம். சிரிஞ்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சுப் பார்க்கணும், மேலேயிருந்து குனிஞ்சு பார்க்கக் கூடாது.

கரைக்கிறது:

வயல் ஃப்ரிட்ஜில் இருந்ததுன்னா வெளியில எடுத்து வச்சு அறை வெப்பத்துக்கு வரட்டும். ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு காயவிடணும், ஊதக் கூடாது. 2 மி.லி. கரைப்பானை இழுத்து, ஊசியை வயல் சுவரைப் பார்த்துச் சாய்ச்சு, சுவர் வழியா மெதுவா வழிய விடுங்க. பவுடர் கட்டிமேலே நேரா பீய்ச்சினா நுரைக்கும். கரைப்பானை உள்ளே தள்ளும்போது வயல்ல அழுத்தம் ஏறும், அதனால அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குத் திரும்ப வர விட்டுட்டு ஊசியை உருவுங்க. இல்லேன்னா உருவும்போது மருந்து ஊசித்துளை வழியா சீறிட்டு வெளிய வரும், செறிவும் போச்சு கணக்கும் போச்சு.

அப்புறம் வயலை உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டணும். குலுக்கவே கூடாது. சிரப் பாட்டிலைக் குலுக்குற பழக்கத்துல வீட்டில் எல்லாரும் இதைத்தான் பண்ணுவாங்க. இது புரதம், குலுக்கினா காற்றும் திரவமும் சேர்ற இடத்துல மடிப்பு கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சில நிமிஷத்துல தெளிவா ஆயிடணும். கலங்கலா, நூல் நூலா ஏதாவது மிதந்தா அந்த வயல் வேண்டாம்.

காற்றுக் குமிழி: தோலுக்கடியில போடும்போது குமிழியால உயிருக்கு ஆபத்துன்னு அம்மா பயப்படுவாங்க, அது இல்ல. 30 கோட்டுல 3 கோடு அளவுக்குக் குமிழி இருந்தா டோஸ்ல பத்துல ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். சுண்டி மேல ஏத்தி வயலுக்குள்ளேயே திரும்பத் தள்ளிட்டு மறுபடி கோட்டுக்கு இழுக்கச் சொல்லுங்க.

மருந்தாளுநர்:

ஆறா ஏழா என்ற கேள்விக்கு வருகிறேன், அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

ஊசி ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தள்ளி முடித்த பின் தங்கும் மருந்து மிகக் குறைவு. 0.30 × 6 = 1.80 மி.லி., மீதி 0.20. ஆக ஆறு டோஸ், ஏழாவதுக்குப் பத்தாது. கழற்றி மாட்டும் ஊசி உள்ள 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் (யூனிட் இல்லாமல் மி.லி. கோடு மட்டும் போட்ட மெல்லிய சிரிஞ்ச்) அளந்தால் கதை வேறு. ஊசியின் கழுத்திலும் சிரிஞ்ச் மூக்கிலும் ஒவ்வொரு முறையும் சுமார் 0.07 மி.லி. தங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போவது 0.30, வயலிலிருந்து எடுபடுவது 0.37. ஐந்து டோஸுக்கு 1.85 ஆகிவிடும், ஆறாவது நாள் வயல் காலி. "கம்பெனிக்காரன் குறைச்சுப் போட்டிருக்கான்" என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

டியூபர்குலின் சிரிஞ்சில் இன்னொரு பொறி. மருந்தை இழுத்த பிறகு வேறு மெல்லிய ஊசி மாட்டினால், புது ஊசிக்குள் இருப்பது காற்று. 0.30 வரை இழுத்து ஊசி மாற்றி அப்படியே குத்தினால், புது ஊசியை நிரப்பும் அளவுக்கு டோஸ் குறையும். கொஞ்சம் கூட இழுத்து, ஊசி மாற்றி, நுனியில் ஒரு சொட்டு தெரியும்வரை தள்ளி, அதன்பிறகு 0.30இல் நிறுத்த வேண்டும்.

மீதி 0.20ஐ அடுத்த வயலில் சேர்க்கச் சொல்லாதீர்கள். பழைய வயலில் 0.20, புது வயலில் 0.10 என்று ஒரே சிரிஞ்சில் எடுப்பது கணக்குக்கு ஒத்துவரும். ஆனால் இரண்டாவது வயலில் குத்தும்போது கை நழுவினால் பழைய மருந்து புது வயலுக்குள் போய்விடும். வீட்டு உபயோகத்துக்கு இந்த வேலையே வேண்டாம்.

லயோ_பெட்டகம்:

கரைப்பான் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியோடு வந்த கரைப்பானைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. கண்ணுக்கு எல்லாம் தண்ணீராகத்தான் தெரியும். ஊசிக்கான சாதா ஸ்டெரைல் வாட்டரில் கிருமித்தடுப்பு எதுவும் கிடையாது, அதில் கரைத்த வயலை நாள்கணக்கில் குத்திக் குத்தி எடுத்தால் அது கிருமி வளர்க்கும் பாட்டில். பல டோஸ் வயலுக்குத் தரும் கரைப்பானில் மெட்டாகிரெசால் அல்லது பென்சைல் ஆல்கஹால் என்ற கிருமித்தடுப்பு இருக்கும். பாக்டீரியோஸ்டாடிக் வாட்டர் என்று விற்பதில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால். அது பச்சிளம் குழந்தைகளுக்கு ஆகாது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தது 1982இல் பதிவாகி, அதன்பிறகுதான் அந்த எச்சரிக்கை வந்தது. இந்தப் பையன் 20 கிலோ என்பதால் அது இங்கே பொருந்தாது, ஆனால் குழந்தை வார்டில் வேலை பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டியது.

"கோடு சுலபமாக இருக்கட்டும், 3 மி.லி. ஊற்றிவிடலாம்" என்ற யோசனையும் வரும். வேண்டாம். கிருமித்தடுப்பின் செறிவும் குறையும், கரைசலின் நிலைத்தன்மைக்கும் உத்தரவாதம் போய்விடும். பெட்டியோடு வரும் விளக்கத்தாளில் 1 மி.லி. என்று இருந்தால் 1 மி.லி.தான். அப்போது செறிவு இரட்டிப்பாகும், இதே டோஸ் 15ஆம் கோடு. ஒரு கோடு தப்பினால் 30இல் தப்புவது 3.3 சதவீதம், 15இல் தப்புவது 6.7 சதவீதம், ஆகவே சிறிய சிரிஞ்ச் இன்னும் அவசியமாகும்.

பவுடரும் இடம் பிடிக்கும் என்பதை நர்சிங்கில் படித்திருப்பீர்கள். கிரிஸ்டலின் பென்சிலின் 10 லட்சம் யூனிட், அதாவது 600 மி.கி., கரையும்போது 0.4 மி.லி. இடம் எடுத்துக்கொள்ளும். 2 மி.லி. கரைத்தால் மொத்தம் 2.4 ஆகும், மி.லி.க்கு 300 மி.கி. வேண்டுமென்றால் 1.6தான் ஊற்ற வேண்டும். சில மில்லிகிராம் ஹார்மோன் வயலில் ஹார்மோனின் கன அளவு பொருட்டே இல்லை. கூட இருக்கும் மானிட்டால், கிளைசீன் போன்ற துணைப்பொருள்கள் கன அளவைக் கொஞ்சம் ஏற்றும். விளக்கத்தாளில் "கரைத்த பின் மி.லி.க்கு இவ்வளவு" என்று ஓர் எண் அச்சிட்டிருந்தால் உங்கள் வகுத்தலை விட்டுவிட்டு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெப்டைட்_பெஞ்ச்:

கேள்விக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன், ஏனென்றால் இதே கணக்கைத் தேடி வருபவர்களில் பலர் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஆன்லைனில் விற்கும் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) வயலைக் கையில் வைத்திருப்பார்கள். அந்த வயலில் "5 மி.கி." என்றால் அது மருந்து வயலின் 5 மி.கி. அல்ல. அது மொத்தப் பவுடரின் எடை. பெப்டைடோடு ஒட்டிய டிரைஃப்ளூரோ அசிடேட் அல்லது அசிடேட் உப்பும் ஈரமும் அதில் அடக்கம். சான்றிதழில் "தூய்மை 98 சதவீதம்" என்று இருப்பது குரோமட்டோகிராஃபியில் (கலவையைப் பிரித்து அளக்கும் சோதனை) வந்த பெப்டைட் உச்சங்களுக்குள் பங்கு மட்டுமே, உப்பும் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. நிகர பெப்டைட் அளவு என்று தனியாக ஓர் எண் இருக்கும். அது 80 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது 4 மி.கி.

லேபில் ஸ்டாக் (செறிவு தெரிந்த மூலக் கரைசல்) போடுகிறவர்களுக்கு ஓர் உதாரணம்: ஆஞ்சியோடென்சின் 2 என்ற பெப்டைட், மூலக்கூறு எடை 1046. நிகரம் 4 மி.கி. என்றால் 3.82 மைக்ரோமோல், 1 மில்லிமோலார் வேண்டுமென்றால் 3.82 மி.லி. நிகரத்தைப் பார்க்காமல் 5 மி.கி. என்று போட்டு 4.78 மி.லி. ஊற்றினால், லேபிளில் 1 என்று எழுதியிருப்பீர்கள், உள்ளே 0.8தான். டைரோசின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் உள்ள வரிசை என்றால் 280 நானோமீட்டரில் ஒளியுறிஞ்சலைப் பார்த்துவிடுங்கள் (மோலார் உறிஞ்சல் குணகம் டைரோசின் ஒன்றுக்கு 1490, டிரிப்டோஃபான் ஒன்றுக்கு 5500). திறக்கும் முன் வயலைச் சுழற்றி இறக்குங்கள், பவுடர் மூடியில் ஒட்டியிருக்கும். மெத்தியோனின், சிஸ்டீன் இருந்தால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைக்காதீர்கள், ஆக்சிஜனேற்றம் ஆகும்.

இந்தப் பவுடரை உடம்பில் போடுவதற்கு எந்தக் கணக்கும் உதவாது. கிருமிநீக்கமும் இல்லை, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனையும் இல்லை.

குழந்தைவார்டு_ஸ்டாஃப்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கப் போவது இதுதான், யாராவது சரிபார்க்க முடியுமா?

"வயலில் 2 மி.லி. கரைப்பான். குலுக்க வேண்டாம், உருட்டவும். ஆரஞ்சு மூடி 0.5 மி.லி. சிரிஞ்சில் 30U. ஒரு வயல் 6 இரவு. மீதியைக் கொட்டிவிடவும். ஃப்ரிட்ஜில் வைக்கவும்."

மருந்தாளுநர்:

"30U" என்பதை அடித்துவிடுங்கள். கையெழுத்தில் அந்த U மேலே மூடிக்கொண்டால் பூஜ்யமாகி 300 ஆகும். இன்சுலின் சீட்டில் 4U என்பது 40 ஆன கதை உலகம் முழுக்க உண்டு. அதோடு பையனின் டோஸ் 30 யூனிட்டும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "1.8 ஐ.யூ. = 0.30 மி.லி. = ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 30ஆம் கோடு". மூன்றும் ஒரே வரியில் இருந்தால் வேறு சிரிஞ்ச் கையில் கிடைத்தாலும் 0.30 மி.லி.யைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருப்பார். பக்கத்தில் சிரிஞ்ச் படம் வரைந்து 30இல் சிவப்பு மையால் கோடு போடுங்கள்.

ஃப்ரிட்ஜ் என்றால் 2 முதல் 8 டிகிரி என்றும், ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டி வைக்கக் கூடாது என்றும் சேருங்கள். உறைந்துபோனது உருகினாலும் பயன்படாது. ஃப்ரிட்ஜ் கதவில் உள்ள தட்டிலும் வேண்டாம். கரைத்த தேதியை வயல்மேலேயே எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு, பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாளில் பார்த்து அந்த எண்ணைச் சீட்டில் நிரப்புங்கள்.

ஊசிமுனை:

உங்க முன்னாலேயே அம்மாவை மூணு முறை வெறும் தண்ணி வச்சு இழுக்க வைங்க, கடைசி தடவை நீங்க வாயைத் திறக்காம பாருங்க. குத்துற இடத்தை தினமும் மாத்தணும்: தொடை, வயிறு, பின்புறம். ஒரே இடத்துல போட்டா அங்க கொழுப்பு கரைஞ்சு பள்ளமாகும். பயன்படுத்தின சிரிஞ்சுக்கு மூடி போட முயற்சி பண்ணாம நேரா தடிச்ச பிளாஸ்டிக் டப்பாவுல போடச் சொல்லுங்க.

லயோ_பெட்டகம்:

சீட்டின் அடியில் தேதியும் எடையும் எழுதி, "அடுத்த வருகை வரை மட்டும்" என்று போட்டுவிடுங்கள். பையன் 22 கிலோ ஆனால் இதே கணக்கில் 0.66 மி.கி., 0.33 மி.லி., 33ஆம் கோடு. கடையில் 2 மி.லி.க்குப் பதில் 1 மி.லி. கரைப்பானோடு வேறு கம்பெனி வயல் கொடுத்தாலும் கோடு மாறும். பெட்டியின் நிறம் மாறினாலே ஊசி போடும் முன் வார்டுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், எண்ணையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.